ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போன கல்

அந்தக் கல்லுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கண்டுபிடித்த ஆண்டு, அதன் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு எண். ரேஷன் கார்டில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும். எங்கோ ஒரு மலை உச்சியில் யாரோ வானத்தைப் படம் எடுத்தபோது நட்சத்திரங்களுக்கு நடுவே சின்னக் கீறலாக விழுந்ததாம். தாம்பரத்தில் நிற்கும் மின்சார ரயிலில் மூன்று பெட்டி நீளம்கூட இருக்காது. சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய பதினான்கு மாதம். அந்தக் கல்லால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் முழுவதையும் செய்தது பத்திரிகை படிக்கத் தெரிந்த மனிதர்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஐப்பசிக் கடைசியில் நடந்தது இது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் நகர். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மனை வாங்கியபோது ஏழு வீடு; இப்போது அறுபத்து நான்கு. பஸ் நிறுத்தத்திலிருந்து என் கேட்டுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் எழுநூறைத் தாண்டும். பள்ளங்களைச் சுற்றிப் போக வேண்டுமே. இந்தப் பள்ளங்களைப் பற்றி அறுபத்து நான்கு வீட்டில் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை. வானத்தில் போகிற கல்லைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது.

செய்தி வந்தது ஒரு மாலைப் பத்திரிகையில். பதினோரு வரி. முதல் வரியில், வரும் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 6.45 மணிக்கு விண்கல் ஒன்று பூமிக்கு மிக அருகில் வருகிறது என்று போட்டிருந்தான். 'மிக அருகில்' என்றால் சந்திரன் இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு என்பது ஒன்பதாவது வரியில் இருந்தது. ஒன்பதாவது வரிவரை படிக்கிறவனை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

எங்கள் நகர் நலச் சங்கச் செயலாளர் ஒருவர் இருந்தார். ஏதோ கம்பெனியில் அலுவலக நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு நிர்வாகம் செய்ய ஆள் இல்லாமல் எங்களைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி பக்கத்துப் பலகையில் மறுநாளே நோட்டீஸ் ஒட்டினார்: அந்த வெள்ளிக்கிழமை காலை 6.15 முதல் 7.15 வரை யாரும் வெளியே வர வேண்டாம், மோட்டார் ஓடாது.

"கல்லுக்கும் மோட்டாருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஒரு ப்ரிகாஷன் சார். சேஃப்டிக்கு."

"கல் விழுந்தா, நின்னுட்டிருக்கிற மோட்டார் தப்பிச்சிடுமா?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் கணக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் பசையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அது கிரகணமாகவே ஆகிவிட்டது. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட வேண்டும், கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, முடிந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் அடுத்தவர் சொன்னதாகச் சொன்னார்கள். கிரகணத்திலாவது ஒரு நிழல் விழுகிறது. இந்தக் கல்லுக்கு நம்மேல் விழ நிழலும் கிடையாது.

இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஆறு மணியிலிருந்து ஏழரை.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தினமும் காலை 7.40 வண்டியில் நகரத்துக்குப் போய், தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. அவள் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பதினோரு ஜாதகம், நான்கு முறை பெண் பார்த்தல், இரண்டு நிச்சயதார்த்தம்வரை. அந்த இரண்டையும் கெடுத்தது என் வாய். முதல் இடத்தில் பையனின் மாமா, பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆறுதான் இருந்தது. சொன்னேன். இரண்டாவது இடத்தில் பையனுக்கு முப்பத்தொன்று என்றார்கள். அவன் பத்தாவது எழுதிய வருடத்தைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன், முப்பத்தைந்து. அதையும் சொன்னேன், தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு. இரண்டிலும் என் கணக்கு சரி. இரண்டு கல்யாணமும் நின்றன. இரண்டாவது நின்றபோது என் மகள் பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை.

இந்த மூன்றாவது பையன் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அதிகம் பேசமாட்டான். பார்த்துவிட்டுப் போன அன்றே என் மகள், "இவர்தான்பா. இதை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றாள். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பையனின் அப்பா பெருங்களத்தூர்ப் பக்கம் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது, ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட்டுக் கடை வைத்திருந்தார். செய்தி வந்த மூன்றாம் நாள் அந்த மாலைப் பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, பேப்பர் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கல்லு வந்துகினு கீதாமே. கரீட்டா நம்ம முகூர்த்தத்துல."

"வரல. அது பாட்டுக்குப் போகுது. சந்திரனை விட ரெண்டு மடங்கு தள்ளி."

"சந்திரனே அவ்ளோ தூரத்துலேர்ந்து கிரகணம் புடிக்குது இல்ல?"

படித்தவனோடு வாதாடலாம், படிக்காதவனோடும் வாதாடலாம். பாதி சரியாகப் பேசுகிறவனோடு முடியாது. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, இரண்டு குண்டூசி குத்தி, நூலை வளையமாகக் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்து ஒரு நீள்வட்டம் போட்டுக் காட்டினேன். அது கல்லின் பாதை. பக்கத்தில் கிட்டத்தட்ட வட்டமாகப் பூமியின் பாதை. கல்லின் பாதை ஒரு பக்கம் பூமியின் பாதைக்குக் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டு வெளியே போகிறது. தாளில் பார்த்தால் இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். உண்மையில் கல்லின் பாதை சற்றே சாய்ந்திருப்பதால் அதுவும் கிடையாது.

"பெருங்களத்தூர் ரயில்வே கேட்டையே எடுத்துக்குங்க. ரோடும் தண்டவாளமும் அங்க வெட்டிக்குது. அதுக்காகத் தினமும் பஸ் மேல ரயில் மோதுதா? ரெண்டும் ஒரே நேரத்துல அங்க இருந்தாத்தான் மோதும். நாம பன்னெண்டு மாசத்துல சுத்தறோம், அது பதினாலு மாசத்துல சுத்துது. நாம ஏழு சுத்து சுத்தினாத்தான் அது ஆறு சுத்து சுத்தி மறுபடி நம்ம பக்கத்துல வரும்."

"ஏழு வருசத்துக்கு ஒருவாட்டியா? ஏழர நாட்டுச் சனி மாதிரியா?"

"சனிக்கும் இதுக்கும்..."

"இருங்க சம்பந்தி. கேட்டுன்னு சொன்னீங்களே, அது கரீட்டு. ஆனா அங்க கேட்டு கீது, தொறந்து மூட ஆள் கீறான். மேல யாரு கீறா?"

முப்பத்தொரு வருடம் புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்தேன். ஒரு அதிகாரிகூட என்னை இப்படிக் கேட்டதில்லை. முட்டாள்தனமான கேள்வி. முட்டாள்தனமான கேள்விக்குத்தான் சட்டென்று பதில் வராது.

"பேசாம தையில வச்சிக்கலாம்" என்றார் அவர். "இந்தக் கார்த்திகையில வேற நல்ல நாள் நமக்கு ஒத்து வரல. மார்கழி போவட்டும். ஒரே புள்ள எனக்கு."

சமையலறை வாசலில் டபராவுக்குள் டம்ளர் ஆடுகிற சத்தம் கேட்டது. என் மகள் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். தள்ளிப்போட்ட கல்யாணங்கள் என்னவாகும் என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். அவள் வந்து காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "மாமா, அன்னிக்கே மத்தியானம் வேற நேரம் எதுவும் இல்லையா?" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "அபிஜித்து கீது. உச்சிப் பொழுது. வெள்ளிக்கிழமன்னா ராகு காலம் பன்னெண்டுக்கு முடிஞ்சிடும். அதுக்குத் தோசமே கெடையாதும்மா."

புரோகிதரும் ஒப்புக்கொண்டார். மத்தியானம் தாலி கட்டுவது வேறு வழியில்லாதவர்கள் செய்வது என்று ஆடி மாதம் என்னிடம் சொன்ன அதே புரோகிதர். 12.05 முதல் 12.30 வரை என்று குறித்துக் கொடுத்தார். முந்நூற்றைம்பது பத்திரிகை அடித்திருந்தோம். நூற்று முப்பத்தெட்டு ஏற்கெனவே போய்விட்டன. அவற்றுக்கெல்லாம் தபால் கார்டு எழுதினேன். மீதி இருநூற்றுப் பன்னிரண்டில் பேனாவால் அடித்துத் திருத்தினேன். ஒரு முட்டாள்தனத்தை முந்நூற்றைம்பது முறை என் கையாலேயே எழுதியவன் நான்.

ஒரு வாரம் கழித்துத் தாம்பரம் நூலகத்துக்குப் போனேன். கேட்டை மூடுகிற ஆள் யார் என்பதற்கு ஏதாவது பதில் கிடைக்குமா என்று அந்தக் கல்லைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் தேடினேன். கிடைத்தது. இருபத்தாறு வரி. பாதையின் சாய்வு, சுற்றும் காலம், எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான். நேரம் 6.45 என்றிருந்த இடத்தில் பக்கத்தில் மூன்று எழுத்து: ஜி.எம்.டி. கிரீன்விச் நேரம். மாலைப் பத்திரிகைக்காரன் மொழிபெயர்க்கிற அவசரத்தில் அந்த மூன்று எழுத்தையும் விட்டுவிட்டான்.

நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினேன். பகல் 12.15.

சேலையூரும் பெருங்களத்தூரும் சேர்ந்து, கல்லுக்குப் பயந்து, கல் வருகிற நிமிடத்துக்கே கல்யாணத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தன. ஆறு மணி முகூர்த்தத்தை அப்படியே விட்டிருந்தால் கல்லுக்கும் தாலிக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இருந்திருக்கும். அந்த வாசிப்பறையில் என்னைத் தவிர நான்கு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமாகச் சிரித்துவிட்டேன். விழித்திருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு பஸ் நிறுத்தம்வரைகூட வரவில்லை. சரியான விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எனக்கு மூத்திரத்தை அடக்குவது போல. சம்பந்தியின் முகத்துக்கு நேரே அந்த மூன்று எழுத்தைக் காட்டினால் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். சொன்னால் அவர் தைக்குப் போவார் என்பதும் தெரியும். அன்று அடிகளை எண்ணவே மறந்துவிட்டேன்.

மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"தெரியும்பா. எங்க ஆபீஸ்லயும் இங்கிலீஷ் பேப்பர் வருது. தினமும் லண்டன் கால் போடறவளுக்கு அஞ்சரை மணி நேரம் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? கல்லு விழப் போகுதா?"

"விழாது. ஆனா தப்பு தப்புதானே?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "அப்பா, இதுவரைக்கும் எத்தனை தடவை நீங்க சொன்னது சரியா இருந்திருக்கு?"

"எப்பவுமே."

"அதுல எனக்கு என்ன கெடைச்சுது? அதையும் எண்ணிச் சொல்லுங்க."

நான் எண்ணவில்லை.

"இந்த ஒரு தடவை வாயை மூடிட்டு இருங்க" என்றாள். தலையாட்டினேன். தலையாட்டுவதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று நல்ல மழை. வானமே தெரியவில்லை. முதல் நாளே மண்டபத்துக்கு வந்துவிட்ட உறவினர்கள் காலை 6.15க்கு எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் டிரம்மில் தர்ப்பை மிதந்தது. அடுப்பு மூட்டக் கூடாது என்று சமையல்காரருக்கு உத்தரவு. காப்பி ஏழேகாலுக்குத்தான். அறுபத்தெட்டு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு, இன்னும் ஐந்தரை மணி நேரம் கழித்தே வரப் போகிற ஒரு கல்லுக்காகக் காத்திருந்தார்கள். நான் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஓலைச் சார்ப்புக்குக் கீழே ஸ்டவ்வில் ரகசியமாகக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் மாப்பிள்ளை.

"மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று தன் டம்ளரையே என்னிடம் நீட்டினான். அந்தக் கூட்டத்தில் கொஞ்சமாவது மூளை இருந்தது அவனுக்குத்தான்.

ஏழேகாலுக்கு ஜன்னல்களைத் திறந்தார்கள். எல்லோரும் குளித்தார்கள். ஆபத்து கழிந்ததென்று சம்பந்தி மேளக்காரரை வாசிக்கச் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு எங்கள் சங்கச் செயலாளர் வந்தார். கக்கத்தில் குடை, கையில் அந்த ஆங்கிலப் பத்திரிகை. வந்து நான்கு வாரம் ஆன பத்திரிகை. பழைய தாள்களை எடைக்குப் போடக் கட்டும்போதுதான் மனிதர் படித்திருக்கிறார். வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். நேரே முன் வரிசைக்கு வந்து, சம்பந்தி பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"சார், ஒரு சின்ன டவுட். இதுல டைம் பக்கத்துல ஜி.எம்.டி.ன்னு போட்டிருக்கான். நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் டிஃபரன்ஸ் இல்லையா?"

"இன்னா சார் சொல்றீங்க?" என்றார் சம்பந்தி. முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அது இன்னும் போவலயா?"

"அதான் சார், கூட்டினா..." என்று செயலாளர் விரலை மடக்க ஆரம்பித்தார்.

புரோகிதர் மந்திரத்தை நிறுத்தினார். நாதஸ்வரக்காரர் ஊதாமல் கையில் பிடித்துக்கொண்டார். முன் வரிசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கணக்கு என்றால் என்னைத்தான் பார்ப்பார்கள். மணப்பெண் அறை வாசலில் என் மகள் மாலையோடு வந்து நின்றிருந்தாள். அவள் ஒரு சைகையும் செய்யவில்லை.

"டிஃபரன்ஸ் உண்டு சார்" என்றேன். "ஆனா கூட்டக் கூடாது. கழிக்கணும்."

"கழிக்கணுமா?"

"நாம கிழக்க இருக்கோம், அவங்க மேற்க இருக்காங்க. சூரியன் யாருக்கு முன்னாடி வருது?"

"நமக்கு."

"அப்போ கல்லும் நமக்குத்தானே முன்னாடி போகும்? ஆறே முக்கால்ல அஞ்சரை போனா ஒண்ணே கால். ராத்திரி நாம தூங்கிட்டிருந்தப்பவே அது போயாச்சு."

செயலாளர் மடக்கிய விரலைப் பிரித்தார். "ஆமா இல்ல, கிழக்குன்னா முன்னாடி... சாரி சார்."

சம்பந்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கணக்குன்னா நம்ம சம்பந்திதான்யா! இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க? வாசிங்கய்யா!"

அந்த மண்டபத்தில் எனக்குத் தெரிந்து பதினேழு பட்டதாரிகள் இருந்தார்கள். இரண்டு பேர் இன்ஜினீயர், ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறவர். ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நான் சரியாகக் கூட்டிக் கொடுத்த அட்டவணைகளை, மறுபடி கூட்டச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு இருந்த எண்ணம் சரிதான் என்பது உறுதியானது. என்மேல் எனக்கு இருந்த எண்ணத்தைப் பற்றி அன்று யோசிக்க நேரமில்லை.

என் தம்பியும் அவன் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். வானொலிச் செய்தி நேரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்த கைக்கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முடிச்சுக்கும் மூன்றாவது முடிச்சுக்கும் நடுவில் 12.15 கடந்து போனது. மேலே தகர ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. அட்சதையை ஒரு நிமிடம் தாமதமாகத்தான் போட்டேன்.

நமஸ்காரம் பண்ணக் குனிந்தபோது என் மகள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கழிக்கணுமாப்பா?" என்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளென்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"பேசாம எழுந்திரு" என்றேன்.

முதல் பந்தியில் சம்பந்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர் வரிசையில் செயலாளர். சாம்பார் வரும்வரை ஒழுங்காகச் சாப்பிட்டார். ரசத்தின்போது அவர் இடது கை மேசைக்கு ஓரமாக விரல் மடக்குவதைப் பார்த்தேன். மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார். அவர் தங்கையோ யாரோ லண்டனில் இருப்பதாக ஒருமுறை சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே காலையென்றால் இங்கே மத்தியானம் என்பது ஃபோனில் பேசுகிற எவனுக்கும் தெரியும். பாயசம் வந்தபோது விரல்கள் நின்றன. நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

சம்பந்தி கவனித்துவிட்டார். "இன்னா சார், இன்னும் டவுட்டு கீதா?"

செயலாளர் மேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் பையனையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஒரு டவுட்டும் இல்ல சார்" என்றார். "சார் கணக்குல என்னிக்குத் தப்பு வந்திருக்கு?"

இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நோட்டீஸ் ஒட்டத் தெரிந்த ஒருவர், எனக்காக, என் மகளுக்காக, ஒரு சரியான விடையை வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கினார். அப்படி விழுங்க எனக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்தது. அவருக்கு ஒரு கரண்டி பாயசம் போதுமாயிருந்தது. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.